மனுஷ அங்காதிபாதமும் ஊவாத் தோட்டங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைத் தமிழரின் மருத்துவ வரலாற்றில் 1872 ஆம் ஆண்டு இரு காரணங்களாற் குறிப்பிடத்தக்கது. யாழ்ப்பாணத்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் முயற்சியால், ஹென்றி கிறே எழுதிய புகழ்பெற்ற ஆங்கில உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயருடன் அவ்வாண்டிலே தமிழில் வெளிவந்தது. அதே ஆண்டிற் கொழும்பிலிருந்த சட்டசபை, தோட்ட மாவட்டங்களுக்குக் குடிபெயர்ந்து வந்த தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய 14 ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றிற்று. முன்னையது தமிழிலே மருத்துவங் கற்போருக்காக எழுந்த நூல். பின்னையது பெரும்பாலும் தமிழையன்றி வேறு மொழி அறியாத நோயாளருக்காக எழுந்த சட்டம். ஒரே தீவில், ஒரே மொழியைப் பேசும் மக்களின் பொருட்டுத் தோன்றிய இவ்விரு முயற்சிகளும் ஒரே திட்டமாக இணைக்கப்படவில்லை.

அவ்விணைப்பு ஏன் நிகழவில்லை, நிகழாமையால் ஊவாவின் தோட்டப்புற மக்கள் எதனை இழந்தனர், உடற்கூற்றியலைத் தாமே முயன்று கற்க வேண்டியவராயிருக்கும் இன்றைய மருத்துவ மாணவருக்கு இவ்வரலாறு எதனை உணர்த்துகிறது என்பன ஆராயத்தக்க வினாக்களாகும்.

ஊவாவின் கோப்பித் தோட்டங்கள்

ஊவா 1886 ஆம் ஆண்டிலேயே தனி மாகாணமாக்கப்பட்டது. அதற்கு முன்னர்ப் பதுளைப் பகுதி மத்திய மாகாணத்தின் ஒரு பாகமாக இருந்தது. 1830களிற் கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் பெருகத் தொடங்கிய கோப்பிச் செய்கை, பின்வந்த காலத்தில் அப்புத்தளை, பதுளை, நமுனுகுலை, மடுல்சீமை ஆகிய பகுதிகளுக்கும் பரவிற்று. காடு வெட்டவும் கன்று நடவும் பழம் பறிக்கவும் வேண்டிய தொழிலாளர் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் மூலம் திரட்டப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கியோர் வன்னிக் காட்டினூடாக மாத்தளை வரை நடந்து, பின்னர் மலையேறினர். ஊவாவை நோக்கியோருக்கு அதற்கப்பாலும் நெடுவழி இருந்தது. புகையிரதம் பதுளையை அடைந்தது 1924 ஆம் ஆண்டிலேயாகும்.

வாந்திபேதியும் வயிற்றுளைவும் அம்மையும் வழிநெடுகத் தொடர்ந்தன. அவற்றுக்குத் தப்பித் தோட்டத்தை அடைந்தோரை மலைக்குளிரும் ஓயாத மழையும் லயன் அறைகளின் நெருக்கமும் வாட்டின. சமவெளியின் வெப்பத்திற் பிறந்து வளர்ந்தவருக்கு இச்சூழல் முற்றிலும் புதிதாகும். நோயுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதாயின், கம்பளியில் இட்டோ கட்டிலில் வைத்தோ மனிதர் தோள்களிலேயே சுமந்து செல்ல வேண்டியிருந்தது.

1869 ஆம் ஆண்டில் மடுல்சீமையிலுள்ள கல்லூலைத் தோட்டத்திற் கோப்பி இலையில் ஒரு புதிய நோய் முதன்முதலாக அவதானிக்கப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு ஆராய்ச்சியிற் பெயர்பெற்ற பேர்க்கிலி அவ்வாண்டிலேயே அந்நோயை விளைக்கும் பங்கசுக்குப் பெயரிட்டார். 1880 ஆம் ஆண்டில் அதனை மேலும் ஆராய ஹரி மார்ஷல் வார்ட் என்னும் விஞ்ஞானி இலங்கைக்கு அனுப்பப்பட்டார். இறுதியில் அந்நோய் இலங்கையின் கோப்பிச் செய்கையையே அழித்தது. அம்மலைகளிற் கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. மடுல்சீமைக் கோப்பி இலையின் நோயைப் பற்றி ஐரோப்பிய அறிவுலகம் சில மாதங்களுக்குள் அறிந்துகொண்டது. அவ்விலையின் கீழ் நின்று உழைத்தவரின் நோயை அறிந்து கூறத்தக்க ஒருவரை அத்தோட்டத்திலேயே அமர்த்துவதற்கு அதனினும் நெடுங்காலம் சென்றது.

1872 ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையை நீக்க முற்பட்டதாகும். தோட்ட மாவட்டங்களில் மருத்துவ வசதிகளை அமைப்பதும் அதற்கான செலவிலே தோட்ட உரிமையாளரைப் பங்குகொள்ளச் செய்வதும் அதன் நோக்கங்களாயிருந்தன. பணம், கட்டடம், உத்தியோகத்தர் என்பனவே அதன் கருத்துக்கு உரியனவாயின. அவ்வுத்தியோகத்தர் எம்மொழியிற் பயிற்றப்பட வேண்டும், நோயாளியுடன் எம்மொழியிற் பேச வேண்டும் என்னும் வினா அதன் எல்லைக்கு வெளியே நின்றது.

மானிப்பாயில் எழுந்த மருத்துவக் கல்வி

அவ்வினாவுக்கு யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே ஒரு விடை உருவாகியிருந்தது. சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்றவர். 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் பணியாற்றினார். 1848 ஆம் ஆண்டிலேயே ஒரு சில மாணாக்கரைக் கொண்டு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். அக்காலத்திற் போதனாமொழி ஆங்கிலமாகவே இருந்தது.

1857 ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று 1862 ஆம் ஆண்டில் மீண்ட கிறீன், 1864 ஆம் ஆண்டிலிருந்து தமிழ்மொழி மூலம் மருத்துவங் கற்பிக்கலானார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தையும் பட்டினத்தையும் நாடுவர் என்றும், தமிழிற் கற்றோர் தம் ஊரவரிடையே தங்கித் தொழில் செய்வர் என்றும் அவர் கருதினார். மதப்பணியே அவருடைய முதன்மை நோக்கமென்பதை மறத்தலாகாது. எனினும் சமயம் மாறியோர் உடையிலும் பழக்கவழக்கங்களிலும் ஐரோப்பியராதல் வேண்டியதில்லை என்னும் கொள்கையுடையவர் அவர். மொழி பற்றிய அவரது நிலைப்பாடும் அக்கொள்கையின் வழிவந்ததேயாம்.

தமிழிற் கற்பிப்பதற்குத் தமிழில் நூல்கள் வேண்டும். கட்டர் என்பவரின் உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் பற்றிய நூல் 1850களிலேயே தமிழாக்கம் பெற்றிருந்தது. 1867 ஆம் ஆண்டில் 'இரண வைத்தியம்', 1872 ஆம் ஆண்டில் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 1875 ஆம் ஆண்டிற் 'கெமிஸ்தம்', 1883 ஆம் ஆண்டில் 'மனுஷ சுகரணம்' என நூல்கள் தொடர்ந்தன. சத்திர வைத்தியம், உடற்கூறு, பொது மருத்துவம், இரசாயனம், உடற்றொழில் ஆகிய துறைகள் யாவும் இவற்றுள் அடங்கின. இப்பணியிற் கிறீனின் மாணாக்கர் பலர் அவருக்கு உறுதுணையாயிருந்தனர். மொழிபெயர்ப்பிற் பெரும்பங்கு அவர்களுக்கு உரியது. 1873 ஆம் ஆண்டில் நாடு திரும்பிய பின்னரும் கிறீன் வூஸ்ரரிலிருந்தவாறே தமிழ்க் கையெழுத்துப் படிகளைத் திருத்திவந்தார். 1884 ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, தமிழருக்கு மருத்துவப் பணி புரிந்தவர் என்னும் கருத்தமைந்த வாசகமே அவரது கல்லறையிற் பொறிக்கப்பட்டது. அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோராவர்.

கலைச்சொல்லாக்கத்திற் கிறீன் ஓர் ஒழுங்கைப் பின்பற்றினார். வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லை முதலில் நாடுவது, அது கிடையாவிடின் வடமொழியை நாடுவது, இரண்டும் உதவாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பதே அவ்வொழுங்காகும். அங்காதிபாதம், சுகரணம், உற்பாலனம் முதலிய சொற்கள் இன்றைய வாசகருக்குக் கடினமாகத் தோன்றலாம். இருபதாம் நூற்றாண்டிலே தமிழ் உரைநடை வடசொற் செறிவினின்று விலகிச் சென்றமையால், அவை வழக்கிழந்தன. ஆயினும் ஒரு முழு மருத்துவப் பாடநெறியையே தமிழிற் கற்பித்தல் இயலும் என்பதை வகுப்பறையிற் செய்துகாட்டிய முயற்சி இது. சொற்கள் பழையனவாயினும் அச்சாதனையின் மதிப்புக் குறைவதில்லை.

நூலே ஆசானாதல்

மருத்துவத் துறைகளுள் உடற்கூற்றியலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது கேட்டு அறியும் கல்வியன்று. கண்டு, தொட்டு, பெயர் சொல்லி அறியும் கல்வியாகும். ஐரோப்பாவிலேயே இவ்வுண்மை நெடுங்காலம் மறைந்திருந்தது. பேராசிரியர் உயர்ந்த பீடத்தில் அமர்ந்து கலன் என்னும் பண்டைய கிரேக்க வைத்தியரின் நூலை வாசிப்பார். கீழே வேறொருவர் சடலத்தை அறுப்பார். மாணவர் தொலைவில் நின்று நோக்குவர். வெசாலியஸ் அப்பீடத்தினின்று இறங்கித் தம் கையாலேயே சடலத்தை அறுத்தார். 1543 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல், கலனின் கூற்றுகள் பலவற்றைத் திருத்தியமைத்தது. தானே கண்டறிதல் என்னும் நெறி உடற்கூற்றியலில் உறுதியாக வேரூன்றியது அந்நூலுடனேயாகும்.

கிறேயின் நூல் 1858 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. அதன் படங்களை வரைந்தவர் ஹென்றி வன்டைக் காட்டர். அவர் பின்னர்ப் பம்பாய் சென்று அங்குள்ள கிறான்ற் மருத்துவக் கல்லூரியிற் கற்பித்தவர். முன்னைய நூல்கள் பலவற்றில் உறுப்புகளுக்கு அருகே எண்ணோ எழுத்தோ மட்டும் இடப்பட்டு, அவற்றின் விளக்கம் வேறிடத்தில் அமைந்திருக்கும். காட்டரோ உறுப்பின் பெயரை அவ்வுறுப்பின் மீதே எழுதினார். நாடியின் பெயர் நாடியின் வழியே ஓடும். தசையின் பெயர் தசையின் மீதே கிடக்கும். சடலத்தையும் நூலையும் அருகருகே வைத்துக்கொண்டு, ஆசிரியர் உடனில்லாதபோதும் மாணவர் தாமே ஒப்பிட்டுக் கற்பதற்கு இம்முறை பெரிதும் உதவிற்று.

இத்தகையதொரு நூல் தமிழுக்கு வந்தமை, தமிழ் மாணவருக்குத் தற்கற்றலின் வாயிலைத் திறந்தமைக்கு ஒப்பாகும். பாடநெறி முடித்து ஊருக்குச் சென்ற வைத்தியருக்கு ஆசிரியர் அருகில் இரார். ஐயம் எழும்போது நூலொன்றே துணை. அந்நூல் அவர் சிந்திக்கும் மொழியில் இருக்குமாயின் ஐயம் விரைந்து தெளியும். இதனை இன்றைய கலைச்சொல் ஒன்றைக் கொண்டே விளக்கலாம். மேற்கையின் முன்புறத்துள்ள தசையை ஆங்கில நூல்கள் பைசெப்ஸ் என்னும் இலத்தீன் பெயராற் குறிக்கின்றன. அப்பெயரை மனனஞ் செய்யும் மாணவர் ஒலியை மட்டுமே நினைவிற் கொள்கிறார். இருதலைத்தசை என்று அறிந்தவரோ, அத்தசை தோளருகே இரு தலைகளாகத் தொடங்குகிறது என்பதையும் சேர்த்தே அறிந்துகொள்கிறார். பின்புறத்தில் முத்தலைத்தசை என்று ஒன்று உண்டெனக் கேட்டவுடனே, அதன் தொடக்கம் மூன்றாயிருக்கும் என்பதைப் பிறர் சொல்லாமலே ஊகிப்பார். அவ்வூகத்தைச் சடலத்திற் சரிபார்ப்பார். வினா எழுப்புதல், ஊகித்தல், சரிபார்த்தல் ஆகிய மூன்றுமே தற்கற்றலின் படிகளாகும். பொருள் விளங்கும் சொல் அவற்றுள் முதற்படியை எளிதாக்குகிறது.

இலத்தீன் சொல்லும் இலத்தீன் அறிந்தவருக்கு இவ்வாறே பொருள் தருவதாகும். ஆகவே ஆங்கிலமோ இலத்தீனோ உடற்கூற்றுக்குப் பொருந்தாதவை என்பதில்லை. சொல்லின் பொருளை அறியாது ஒலியை மட்டும் சுமத்தலே தற்கற்றலுக்குப் பகையாகும்.

கொழும்பும் போதனாமொழியும்

1870 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கொழும்பு மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது. அதன் முதல் அதிபர் ஜேம்ஸ் லூஸ். வன்னிப் பகுதிகளிற் பறங்கி நோயாற் குடிகள் அழிந்துவந்தமை பற்றி அவர் மேற்கொண்ட விசாரணை, உள்நாட்டிலேயே வைத்தியரைப் பயிற்றுவிக்க வேண்டியதன் தேவையை அரசுக்கு உணர்த்தியிருந்தது. அப்பாடசாலையின் போதனாமொழி ஆங்கிலம். 1880களில் அதன் தகுதிச் சான்று பிரித்தானிய மருத்துவப் பேரவையின் அங்கீகாரத்தையும் பெற்றது. அரசாங்க மருத்துவ சேவையின் வாயில் அதுவேயாயிற்று. கிறீன் நாடு திரும்பிய பின்னர், மானிப்பாயின் தமிழ் மருத்துவ வகுப்புச் சில ஆண்டுகளுள் நின்றுபோயிற்று.

இந்தியாவிலும் இதற்கு முன்னோடியான நிகழ்ச்சி ஒன்று உண்டு. கல்கத்தாவில் 1822 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மருத்துவ நிலையம் இந்திய மொழிகளிலேயே கற்பித்தது. 1835 ஆம் ஆண்டில் அது மூடப்பட்டு, ஆங்கில மொழி மூலம் கற்பிக்கும் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. அடுத்த ஆண்டில் மதுசூதன் குப்தா அங்கு மனித சடலத்தை அறுத்தமை இந்திய மருத்துவ வரலாற்றிற் பெருநிகழ்வாகப் போற்றப்படுகிறது. சடலத்தைத் தொடலாகாது என்னும் தடையை அக்கல்லூரி உடைத்தது. ஆனால் தாய்மொழி மட்டும் அறிந்தவருக்கு அதன் கதவு அடைபட்டது.

ஆங்கிலத்தின் பக்கமும் வலுவான நியாயங்கள் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். மருத்துவ அறிவு விரைந்து வளர்ந்த காலம் அது. கிறேயின் ஆங்கில நூல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தம் பெற்றுப் புதிய பதிப்பாக வெளிவந்தது. தமிழாக்கமோ முதற்பதிப்பு நிலையிலேயே நின்றது. தமிழ், சிங்களம், பறங்கியர் ஆகிய சமூகங்களின் மாணவர் ஒரே வகுப்பில் அமர வேண்டியிருந்தது. ஒரு தனிமனிதரின் உழைப்பில் நின்ற திட்டம், அவர் விலகியதும் தளர்வது இயல்பே. தமிழ் நூல்களை ஈராண்டுக்கொருமுறை திருத்தவும், புதிய ஆராய்ச்சிகளைச் சேர்க்கவும், கற்று முடித்தோருக்கு உத்தியோகத் தகுதி வழங்கவும் ஒரு நிறுவனம் வேண்டும். யாழ்ப்பாணச் சமூகமோ அரசோ அத்தகைய நிறுவனத்தை எழுப்பவில்லை. எனவே தமிழ் வழி மருத்துவக் கல்வி மொழியின் இயலாமையால் வீழ்ந்தது என்று கொள்வதிலும், நிறுவன ஆதரவின்மையால் வீழ்ந்தது என்று கொள்வதே பொருத்தமாகும்.

மருந்துக் காம்பரா

இவற்றின் விளைவு ஊவாத் தோட்டங்களிற் கண்கூடாகத் தெரிந்தது. 1912 ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டமும் தொழிலாளரின் நோய்கள் பற்றிய சட்டமும் புதிதாக இயற்றப்பட்டன. தோட்டங்கள் தமக்கெனச் சிறு மருத்துவமனைகளையும் மருந்துச் சாலைகளையும் வைத்திருக்கும் முறை காலப்போக்கில் வலுப்பெற்றது. தொழிலாளர் அம்மருந்துச் சாலையை மருந்துக் காம்பரா என்றனர். பட்டம் பெற்ற வைத்தியர் எப்போதாவது வந்துபோவார். நாள்தோறும் அங்கு இருந்தவர் டிஸ்பென்சரே. தோட்ட மக்களுக்கு அவரே 'டாக்டர் ஐயா'.

அவரது தொழிலுக்கு உடற்கூற்று அறிவு எத்துணை இன்றியமையாதது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் அறியலாம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறி மணிக்கட்டின் உட்புறத்தைக் கிழித்தால், அது தோலை மட்டும் வெட்டிய காயமா, அடியிலுள்ள தசைநாண்களையும் நரம்பையும் அறுத்த காயமா என்பதை உடனே அறிதல் வேண்டும். விரல்களை மடக்கச் செய்தும் நுனிகளைத் தொட்டு உணர்ச்சியுண்டா என வினாவியும் அதனை அறியலாம். அறியாது தோலைத் தைத்து அனுப்பினால், கொழுந்து பறிக்கும் கை வாழ்நாள் முழுவதும் பயனற்றுப்போகும். பிட்டத்தில் ஊசி ஏற்றும்போது மேற்புற வெளிக்காற்பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் இத்தகையதே. சற்றுக் கீழிறங்கினால், தொடை வழியே காலுக்குச் செல்லும் பெருநரம்பு ஊறுபட்டுக் கால் செயலிழக்கக்கூடும். விதியை மட்டும் அறிந்தவர் விதி பொருந்தாத இடத்திற் தடுமாறுவார். காரணத்தை அறிந்தவரோ புதிய நிலைமையிலும் தாமே தீர்மானிப்பார்.

இவ்வறிவைத் தோட்ட மருத்துவ உதவியாளர் பலர் மூத்தவர் ஒருவரின் கீழ் நின்று, பார்த்தும் செய்தும் தேடிக்கொண்டனர். அவர்களுட் கூர்மையான அவதானமும் மக்கள்மீது பரிவும் உடையோர் பலராவர். ஆயின் அவதானத்தை அறிவாக ஒழுங்குபடுத்துவதற்கு வேண்டிய நூல் அவர்கள் எளிதிற் கையாளும் மொழியில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்த நூல் எதுவோ அதுவே 1872 ஆம் ஆண்டிலே மானிப்பாயில் எழுந்திருந்தது. பதுளையில் அதனைப் பயன்கொள்ளத்தக்கோர் இருந்தனர். ஆனால் இரண்டையும் இணைக்கும் கல்வித்திட்டம் இல்லை.

மொழியின் பங்கு வைத்தியருடன் நின்றுவிடுவதில்லை. 1916 ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவுடன் இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. மண்ணிலுள்ள நுண்ணிய குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இரத்தத்துடன் நெஞ்சறைக்குச் சென்று, சுவாசப்பையிலிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. அங்கு அது குருதியை உறிஞ்சி வாழ்கிறது. காலில் நுழைந்தது குடலில் இருப்பதெவ்வாறு என்பதை உடலின் வழிகளைக் கொண்டு விளக்கினாலன்றி, மலசலகூடத்தைப் பயன்படுத்தவும் காலணி அணியவும் மக்கள் முன்வருவது அரிது. உடற்கூற்று அறிவு இங்கே வைத்தியரின் உடைமை என்னும் நிலையைக் கடந்து, மக்களின் தற்காப்பாகிறது. அதனை வழங்கத் தாய்மொழியன்றி வேறு வழியில்லை.

தோட்டப்புற மாணவரும் உடற்கூற்று மண்டபமும்

தோட்டப் பிள்ளையே வைத்தியராவது என்பது நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவும் இயலாததாயிருந்தது. 1907 ஆம் ஆண்டுக் கிராமியப் பாடசாலைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்வியைப் பற்றிப் பேசிற்று. 1945 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை உரியவாறு சென்றடையவில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. குடியுரிமையற்றவருக்கு அரசாங்க உத்தியோகமும் எட்டாக்கனியாயிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயாகும். நாடற்ற நிலைக்கு இறுதித் தீர்வாக அமைந்த சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று.

1974 ஆம் ஆண்டில் அறிமுகமான மாவட்ட ஒதுக்கீட்டு முறையின் கீழ்ப் பதுளை கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்படுகிறது. ஆயினும் ஒதுக்கீடு மாவட்டத்துக்கு உரியது, தோட்டத்துக்கு உரியதன்று. லுணுகலையிலோ பசறையிலோ லயன் அறையில் விளக்கொளியிற் படிக்கும் பிள்ளை, பதுளை நகரின் வசதிமிக்க பாடசாலைகளின் மாணவருடன் அதே இடத்துக்காகப் போட்டியிட வேண்டும். தமிழ்மொழி மூலம் விஞ்ஞானங் கற்பிக்கும் ஆசிரியர் பற்றாக்குறை மலையகத்தின் நீங்காக் குறைகளுள் ஒன்றாகும். ஆகவே மருத்துவபீடத்தை அடையும் தோட்டப்புற மாணவர், அதற்கு முன்னரே பெருமளவு தற்கற்றலாற் பயின்றவராவர். பழைய வினாத்தாள்களும் கைமாறி வந்த குறிப்புகளுமே அவரது ஆசான்கள்.

அவர் மருத்துவபீடத்தில் எதிர்கொள்ளும் முதற்பாடங்களுள் உடற்கூற்றியல் ஒன்றாகும். இலங்கையின் பாடசாலை விஞ்ஞானம் தமிழுக்கு மாறியபோது, அரசகரும மொழித் திணைக்களத்தின் மூலம் கலைச்சொற்றொகுதிகளும் பாடநூல்களும் உருவாயின. கிறீன் தொடங்கிய பணி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர் மீண்டும் மேற்கொள்ளப்பட்டது. ஆயினும் அது பாடசாலை மட்டத்துக்கே பெரிதும் பயன்பட்டது. மருத்துவபீடங்களிற் போதனாமொழி ஆங்கிலமாகவே நீடிக்கிறது. நாடி, நாளம், சோணையறை, முள்ளந்தண்டு என்று உயர்தர வகுப்பிற் கற்றவர், சில மாதங்களுள் ஆயிரக்கணக்கான புதிய பெயர்களை வேற்று மொழியில் ஏற்க வேண்டும். பலர் தாம் முன்னர் அறிந்ததை ஒதுக்கிவிட்டு, ஒன்றுமறியாதவர் போல் மீண்டும் தொடங்குகின்றனர். இதனால் விளையும் தளர்ச்சி அறிவுக் குறைபாடாகத் தவறாகக் கணிக்கப்படுவதுமுண்டு.

தற்கற்றல் என்பது கல்வியியலில் இன்று பெரிதும் பேசப்படும் கருத்தாகும். கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் 1969 ஆம் ஆண்டிலே நோய்ப் பிரச்சினைகளை மையமாகக் கொண்ட மருத்துவப் பாடநெறியைத் தொடங்கிற்று. 1975 ஆம் ஆண்டில் மல்கம் நோல்ஸ் தற்கற்றலைப் பற்றித் தனி நூலே எழுதினார். தன் தேவையைத் தானே கண்டறிதல், இலக்கை வகுத்தல், வளங்களைத் தேடுதல், பயனைத் தானே மதிப்பிடுதல் என்பன அவர் கூறிய படிகளாகும். இவை சிறந்த நெறிகளே. ஆனால் 'நீயே கற்றுக்கொள்' என்று கூறுவது, கற்பதற்கு வேண்டிய மொழியும் நூலும் தோழமையும் உடையவருக்கே பொருந்தும். அவை இல்லாதவரிடம் அவ்வாறு கூறுவது அவரைக் கைவிடுதலாகவும் முடியலாம்.

கிறீனின் அனுபவம் இங்கே பயன்படுகிறது. ஆங்கிலத்திலேயே பரீட்சை எழுத வேண்டிய மாணவரும் தாம் கற்கும் பெயரின் பொருளை முதலில் தமிழில் வினாவிக்கொள்ளலாம். உறுப்பின் படத்தைத் தம் கையால் வரைந்து, காட்டர் செய்தவாறு பெயரை அதன் மீதே எழுதலாம். நால்வரோ ஐவரோ சேர்ந்து, நூலை மூடிவைத்துவிட்டு ஒருவருக்கொருவர் தமிழில் விளக்கி, பின்னர் ஆங்கிலத்திற் கூறிப் பார்க்கலாம். தமிழில் விளக்க இயலாத இடமே உண்மையில் விளங்காத இடமெனத் தெரியவரும். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அமைப்புகள் முதலாண்டு மாணவருக்கென இருமொழிச் சொற்றொகுதிகளை ஆக்கி, ஆண்டுதோறும் திருத்தி வழங்குவது அவற்றின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. கிறீனின் திட்டம் எதனால் வீழ்ந்ததோ அக்குறையை, அதாவது தொடர்ந்து திருத்துவார் இன்மையை, இவ்வாறு ஓரளவு நீக்கலாம்.

முடிவுரை

இம்முயற்சியின் பயன் மாணவரின் பரீட்சைப் பெறுபேற்றுடன் முடிவதன்று. மலையக மருத்துவமனைகளில் நோயாளியும் வைத்தியரும் மொழியாற் பிரிந்து நிற்கும் நிலை இன்னும் நீங்கவில்லை. வலி எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது என்பதை நோயாளி கூறும் சொற்களிலிருந்தே வைத்தியர் உடலின் உள்ளமைப்பை ஊகிக்கிறார். அச்சொற்கள் விளங்காதபோது உடற்கூற்று அறிவு முழுமையாகப் பயன்படுவதில்லை. தமிழிலும் உடலை அறிந்த வைத்தியர், தமிழரோ சிங்களவரோ எவராயினும், மடுல்சீமைத் தொழிலாளியின் முறைப்பாட்டைச் சரியாக வாங்கிக்கொள்வார். தம் தீர்மானத்தை அவருக்கு விளங்குமாறு திருப்பிக் கூறுவார்.

1872 ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டின் நூல் தமிழில் மருத்துவங் கற்கலாம் என்பதை நிறுவிற்று. அவை இரண்டையும் இணைக்கும் வாய்ப்பை அன்று ஆண்டோரும் கற்றோரும் தவறவிட்டனர். தோட்டத்திற் பிறந்து மருத்துவபீடத்துள் நுழையும் மாணவரிடத்திலே அவ்விரண்டும் இன்று ஒன்றுசேர்கின்றன. நோயாளியின் மொழி அவருக்குத் தாய்மொழி; வைத்தியத்தின் மொழி அவர் முயன்று பெறும் மொழி. முன்னையதைக் கைவிட்டே பின்னையதைப் பெறவேண்டும் என்னும் எண்ணத்தை அவர் விடுவாராயின், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் மானிப்பாயில் தொடங்கிய பணி பதுளை மலைகளிலும் பயன் தரும்.